புயல் மலையேறிய நாள்: தோரோங் லா, அக்டோபர் 2014

2014 அக்டோபர் 12, ஞாயிற்றுக்கிழமை. ஹுத்ஹுத் புயல் விசாகப்பட்டினத்தில் கரையைக் கடந்தது. ஊரெல்லாம் மரம் சாய்ந்தது, விமான நிலையக் கூரை பிய்ந்தது, கரண்ட் வர நாள்கணக்கில் ஆனது. நம் டிவிக்களிலும் அதே செய்திதான் ஓடிக்கொண்டிருந்தது. 14ஆம் தேதி செவ்வாய்க்கிழமை வரும்போது புயல் வலுவிழந்து வெறும் தாழ்வுப் பகுதியாகி, வடக்கே எங்கேயோ மழையாகப் பெய்து ஓய்ந்துவிடும் என்று எல்லாரும் அதை மறந்துவிட்டார்கள். அன்றைக்குத்தான் அது, கரையேறிய இடத்திலிருந்து ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் தள்ளி, கடல் என்பதே இல்லாத நேபாளத்தில், அன்னபூர்ணா, தௌலகிரி மலைப்பகுதிகளில் பனியாகக் கொட்டி, குறைந்தது 43 பேரைக் கொன்றது. அதில் 21 பேர் டிரெக்கிங் போனவர்கள். அது போக கைடுகள், போர்ட்டர்கள், தன் பாட்டுக்கு யாக் மேய்த்துக்கொண்டிருந்த உள்ளூர்க்காரர்கள். இஸ்ரேல், கனடா, போலந்து, ஸ்லோவாக்கியா, இந்தியா என்று பல நாட்டு ஆட்கள்.

நேபாள மலைநடைப் பாதைகளின் வரலாற்றிலேயே இவ்வளவு பேரை ஒரே நேரத்தில் பலி வாங்கிய விபத்துகள் மிகக் குறைவு. இத்தனைக்கும் இறந்தவர்கள் பெரும்பாலும் எவரெஸ்ட் மாதிரி சிகரம் ஏறப் போனவர்கள் இல்லை. கயிறு, பனிக்கோடரி எதுவும் தேவைப்படாத, உலகத்திலேயே பிரபலமான ஒரு நடைபாதையில், பையை முதுகில் மாட்டிக்கொண்டு நடந்தவர்கள். விபத்துக்கு அப்புறம் காத்மாண்டுவில் அதிகாரிகளும் டிராவல் ஏஜென்சிகளும் சொன்ன விளக்கம் ஒன்று உண்டு: காசை மிச்சம் பிடிக்க கைடு இல்லாமல் வந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள், இனிமேல் கைடைக் கட்டாயமாக்கினால் சரியாகிவிடும். இதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. காசு மிச்சம் பிடித்தது காரணம்தான், ஆனால் அவர்கள் சொன்ன இடத்தில் இல்லை. அதைப் பார்க்க அந்தப் பாதையையே கொஞ்சம் நடந்து பார்க்க வேண்டும்.

அன்னபூர்ணா சர்க்யூட் என்பது அன்னபூர்ணா மலைத்தொடரை ஒரு சுற்றுச் சுற்றி வரும் பாதை. பேசிசஹரில் ஆரம்பித்து, மர்ஸ்யாங்டி ஆற்றை ஒட்டி சாமே, பிசாங், மனாங் என்று ஏறி, 5,416 மீட்டரில் தோரோங் லா கணவாயைத் தாண்டி, அந்தப் பக்கம் முக்திநாத்தில் இறங்கி, ஜோம்சோம் போய்ச் சேர்வது. ஆமாம், அதே முக்திநாத்தான். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய சாளக்கிராமம், 108 திவ்ய தேசத்தில் ஒன்று. நம் ஊரிலிருந்து போகிற பக்தர்கள் போக்ராவில் சின்ன விமானம் ஏறி ஜோம்சோமில் இறங்கி ஜீப்பில் போவார்கள். கோயிலில் கொட்டுகிற 108 நீர்த்தாரைகளிலும் தலையைக் காட்டிவிட்டு, மேலே தெரிகிற மொட்டை மலையைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்புவார்கள். அந்த மொட்டை மலைக்கு மேலேதான் கணவாய். சர்க்யூட் நடப்பவர்கள் அதன் மறுபக்கத்திலிருந்து ஏறி வந்து கோயில் வாசலில் இறங்குகிறார்கள்.

பட்ஜெட் பயணிகளுக்கு இந்தப் பாதை சொர்க்கம். கூடாரம் வேண்டாம், அடுப்பு வேண்டாம், சமையல் சாமான் வேண்டாம். இரண்டு மூன்று மணி நேர நடைக்கு ஒரு ஊர், ஊருக்கு நாலு லாட்ஜ். அங்கேயே சாப்பிடுவதாக ஒப்புக்கொண்டால் அறையை அடிமாட்டு விலைக்குத் தருவார்கள், சில இடங்களில் இலவசமாகவே கூட. தால் பாத் ஒரு தட்டு வாங்கினால் சோறும் பருப்பும் கேட்கக் கேட்கப் போடுவார்கள். பாதை தெளிவாக இருக்கிறது, எதிரே ஆள் வந்துகொண்டே இருக்கிறது, வழி தவற வாய்ப்பில்லை. 2014இல் வெளிநாட்டவருக்கு அன்னபூர்ணா காப்புப் பகுதி அனுமதி 2,000 நேபாள ரூபாய், அது போக மலைநடைப் பயணிகளைப் பதிவு செய்கிற டிம்ஸ் அட்டை ஒன்று. பாதைக்கு அனுமதி வாங்க அவ்வளவுதான் கட்டுவது. கைடுக்கு தினக்கூலி கொடுத்தால் பட்ஜெட் ஏறக்குறைய இரட்டிப்பாகும், அதனால் அப்போது நிறையப் பேர் வைத்துக்கொள்ளவில்லை. சாதாரண நாளில் அது தப்பான முடிவும் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கில் உயரம் ஏற ஏற ஒன்று மாறுகிறது. மனாங் 3,540 மீட்டர். 2014இல் அதற்கு மேலே சாமான் எல்லாம் கோவேறு கழுதையிலும் மனுஷ முதுகிலும்தான் போனது. கீழே கிடைக்கிற அதே நூடுல்ஸ் கணவாய் அடிவாரத்து தோரோங் பேடியில் மூன்று மடங்கு விலை. வெந்நீர் தனிக்காசு, போன் சார்ஜ் போட தனிக்காசு. ஏடிஎம் கிடையாது, கையில் இருப்பதை எண்ணி எண்ணித்தான் செலவழிக்க வேண்டும். இந்த நிலைமையில் ஒரு நாள் கூடுதலாகத் தங்குவது என்றால் பணம் நேரடியாகக் கரைகிறது. காத்மாண்டுவிலிருந்து ஊர் திரும்ப மலிவு டிக்கெட்டை முன்கூட்டியே எடுத்திருப்பார்கள், தேதி மாற்றினால் அபராதம் கட்ட வேண்டும். லீவும் எண்ணித்தான் கொடுத்திருப்பார்கள். ஆக, பட்ஜெட் பயணி மிச்சம் பிடிப்பது கைடு சம்பளத்தை மட்டும் இல்லை, சும்மா உட்கார்ந்திருக்கும் நாட்களையும். என் பார்வையில் ஆளைக் கொன்றது இந்த இரண்டாவதுதான்.

இதற்கு இன்னொரு ஆதாரம், கைடு வைத்து வந்த குழுக்களும் அன்றைக்கு மேலே போயின என்பது. ஏஜென்சி குழு என்றால் நாள்வாரியாக அச்சடித்த அட்டவணை இருக்கும், முக்திநாத்தில் அறை சொல்லியிருக்கும், ஜோம்சோம் விமானம் பதிவாகியிருக்கும். குழுத் தலைவன் ஒரு நாள் நிறுத்தினால் பின்னால் எல்லாமே சரியும், கட்டணத்தைத் திருப்பிக் கேட்பார்கள், சீசனில் அடுத்த குழு காத்திருக்கும். அனுபவமில்லாத கைடுகள் ஆட்களை மந்தையாக மேலே ஓட்டிப்போனார்கள் என்று தப்பி வந்தவர்களில் சிலரே பின்னால் வெளிப்படையாகச் சொன்னார்கள். இறந்தவர்கள் பட்டியலில் கைடுகளும் இருக்கிறார்கள். கைடு இருந்தால் பிழைத்திருப்பார்கள் என்ற வாதத்துக்கு அந்தப் பட்டியலே பதில்.

இப்போது வானிலைக்கு வருவோம், ஏனென்றால் இந்த விபத்தில் விசித்திரமான பகுதி அதுதான். அக்டோபர் நேபாளத்தில் வருஷத்திலேயே நல்ல மாதம் என்று எல்லா வழிகாட்டிப் புத்தகமும் சொல்லும், பொய் இல்லை. பருவமழை செப்டம்பரோடு முடிகிறது, காற்று கழுவி விட்டதுபோல் இருக்கிறது, குளிர் இன்னும் இறங்கவில்லை. தசைன் பண்டிகை முடிந்து போர்ட்டர்கள், லாட்ஜ்காரர்கள் எல்லாரும் வேலைக்குத் திரும்பியிருப்பார்கள். வருஷத்துக் கூட்டத்தில் பெரும்பங்கு இந்த ஆறேழு வாரத்தில்தான். அதே ஆறேழு வாரம் வங்காள விரிகுடாவில் என்ன நடக்கும் என்று சென்னையிலோ நாகப்பட்டினத்திலோ இருப்பவரிடம் கேட்டால் போதும். ஐப்பசி வந்தால் நமக்குப் புயல் சின்னம் பார்ப்பதுதானே வேலை. போலந்திலிருந்து வருகிறவருக்கு அது எப்படித் தெரியும்? ஹிமாலயத்துக்கும் வங்காள விரிகுடாவுக்கும் சம்பந்தம் உண்டு என்றே அவருக்குத் தோன்றாது.

சம்பந்தம் இருப்பது ஏற்கெனவே தெரிந்த விஷயம் என்பதுதான் கொடுமை. 1995 நவம்பரில் இதே மாதிரி வங்காள விரிகுடாப் புயலின் மிச்சம் எவரெஸ்ட் பக்கம் கொட்டிய பனியில், கோக்கியோ பள்ளத்தாக்கில் பாங்கா என்ற இடத்தில் லாட்ஜ் மேலேயே பனிச்சரிவு விழுந்தது. 13 ஜப்பானியப் பயணிகளும் அவர்களோடு இருந்த நேபாளிகளும் இறந்தார்கள். ஹுத்ஹுத்துக்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2013 அக்டோபர் 12ஆம் தேதி, பைலின் புயல் ஒடிசாவில் கோபால்பூர் பக்கம் கரையேறி, அதன் மிச்சமும் நேபாளம் வரை மழையும் பனியும் கொண்டுவந்தது. அப்போது பெரிய உயிர்ச்சேதம் இல்லை, எல்லாரும் மறந்துவிட்டார்கள்.

ஹுத்ஹுத் விஷயத்தில் என்ன ஆனது என்றால், கரையேறி வலுவிழந்த புயல் சத்தீஸ்கர், கிழக்கு உத்தரப் பிரதேசம் வழியாக வடக்கே நகர்ந்தது. காற்று வேகம் போய்விட்டது, ஆனால் கடலிலிருந்து உறிஞ்சிய ஈரம் போகவில்லை. அதே சமயம் மேல்மட்டத்தில் மேற்கிலிருந்து ஒரு குளிர்காற்றுத் தாழ்வு இறங்கி வந்து இந்த ஈரத்தை அப்படியே மலைப்பக்கம் இழுத்தது. ஈரக்காற்று மலையில் மோதி மேலே ஏறினால் குளிர்ந்து கொட்டியே ஆக வேண்டும். தாழ்வான இடத்தில் மழை, மேலே பனி. 12 மணி நேரத்தில் ஏறக்குறைய 1.8 மீட்டர் பனி என்று அப்போது செய்திகளில் வந்தது. அதாவது ஒரு சராசரி ஆள் நின்றபடியே மூழ்குகிற அளவு.

இது வேறு எங்கேயாவது கொட்டியிருந்தால் கூட இவ்வளவு ஆகியிருக்காது. மனாங்கும் முக்திநாத்தும் இருப்பது அன்னபூர்ணாவின் மழை மறைவுப் பக்கம். மலைக்குத் தெற்கே லும்லேயில் வருஷத்துக்கு 5,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை. வடக்கே ஜோம்சோமில் 300 மில்லிமீட்டர் கூடத் தேறாது, ஏறக்குறைய பாலைவனம். அங்கே வீடுகளுக்குத் தட்டையான மண் கூரைதான். கணவாயின் பாதை காட்டும் கம்புகள், ஒதுங்கும் குடிசைகள் எல்லாமே இந்த வறட்சிக்குக் கட்டியவை. அக்டோபரில் முழங்கால் அளவு பனியே அபூர்வம் என்கிற ஊரில், ஆள் உயரப் பனிக்கு யார் தயாராக இருப்பார்கள்?

13ஆம் தேதி திங்கட்கிழமை மேகம் கூடியது, மாலையிலிருந்து பனி விழ ஆரம்பித்தது. தோரோங் பேடியிலும் (4,450 மீட்டர்), அதற்கு மேலே ஹை கேம்பிலும் லாட்ஜ்கள் நிரம்பி வழிந்த நேரம். அந்தச் சாப்பாட்டுக் கூடத்தைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்: நடுவில் ஒரே ஒரு இரும்பு அடுப்பு, சாயங்காலம்தான் பற்ற வைப்பார்கள், அதைச் சுற்றிக் காலுறைகளும் கையுறைகளும் தொங்கும், உயர நோய்க்கு நல்லது என்று எல்லாரும் பூண்டு சூப்பை ஊதிக் குடித்துக்கொண்டிருப்பார்கள், பேச்செல்லாம் நாளை எத்தனை மணிக்குக் கிளம்புவது என்பதைப் பற்றியே இருக்கும். கிளம்பலாமா வேண்டாமா என்பது பேச்சில் வராது. உயரத்தில் தூக்கம் சரியாக வராது, தலை கனக்கும், சாப்பாடு இறங்காது. அந்த அறையில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் ஆசை ஒன்றுதான், சீக்கிரம் தாண்டிக் கீழே இறங்கிவிட வேண்டும். இன்னொரு நாள் இங்கேயே இருப்பது என்பது பணத்துக்கும் வலி, உடம்புக்கும் வலி.

தகவல் அங்கே ஏறவில்லை. இந்திய வானிலைத் துறை இந்தப் புயலின் பாதையை நாள்கணக்கில் முன்னாலேயே சரியாகச் சொல்லியிருந்தது. காத்மாண்டுவிலும் மேற்கு மலைகளில் மழையும் பனியும் வரும் என்று அறிவிப்பு இருந்தது. ஆனால் அந்த அறிவிப்பைப் பாதையில் இருக்கும் லாட்ஜுக்கோ, அனுமதிச் சீட்டு சரிபார்க்கிற சோதனைச் சாவடிக்கோ கொண்டுசேர்க்கிற ஏற்பாடு எதுவும் இல்லை. சாவடியில் ஒவ்வொருவர் பெயர், நாடு, தேதி எல்லாம் பெரிய பேரேட்டில் எழுதி வாங்குகிறார்கள். அதே மேஜையில் ஒரு தாளில் “14ஆம் தேதி கடும் பனி, மேலே போகாதே” என்று ஒட்டியிருந்தால் எத்தனை உயிர் தப்பியிருக்கும்! மனாங்கில் ஹிமாலய மீட்புச் சங்கம் நடத்துகிற மருத்துவ மையம் ஒன்று சீசன்தோறும் இயங்குகிறது. உயர நோய் பற்றி தினமும் இலவசமாகப் பேசுவார்கள், அருமையான சேவை, நிறையப் பேரைக் காப்பாற்றியிருக்கிறது. உயரத்தைப் பற்றி எச்சரிக்க ஆள் இருந்தது, வானத்தைப் பற்றி எச்சரிக்க ஆள் இல்லை. எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான், பயணிகள் மேல் அவ்வளவாக இல்லை.

14ஆம் தேதி விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே வழக்கம்போல் ஆட்கள் கிளம்ப ஆரம்பித்தார்கள். இப்படி இருட்டோடு கிளம்புவதற்குக் காரணம் உண்டு. பகல் ஏற ஏற கணவாயில் காற்று கடுமையாகும், அதற்குள் தாண்டிவிட வேண்டும். நல்ல நாளில் இது உயிர்காக்கும் பழக்கம். அன்றைக்கு அதுவே வினையானது, ஏனென்றால் இருட்டில் வானத்தின் நிலைமையைப் பார்க்க முடியாது, முன்னால் போகிறவர்கள் நெற்றியில் கட்டிய விளக்கு வெளிச்சங்களைத்தான் பார்க்க முடியும். முன்னால் இருபது பேர் போகிறார்கள் என்றால் பாதை சரியாகத்தான் இருக்கும் என்று இருபத்தோராவது ஆளும் போகிறான். அந்த இருபது பேரில் யாருக்கும் எதுவும் தெரியாது என்பது அவனுக்குத் தெரியாது. கைடு இல்லாதவர்கள் கைடு வைத்த குழுவின் பின்னால் போனார்கள். கைடுகளோ மற்ற குழுக்கள் நகர்வதைப் பார்த்து நகர்ந்தார்கள். பொழுது விடிந்து பார்த்துவிட்டு, சரிப்படாது என்று லாட்ஜிலேயே உட்கார்ந்தவர்களும் உண்டு. அவர்கள் இரண்டு நாள் தால் பாத் சாப்பிட்டுவிட்டுத் திரும்பி நடந்து போனார்கள், செய்தியில் வரவில்லை.

கணவாயின் உச்சியில் ஒரு டீக்கடை இருக்கிறது. கல்லை அடுக்கிக் கட்டிய ஒற்றை அறை, வெளியே பிரார்த்தனைக் கொடிகள் சுற்றிய மைல்கல், போட்டோ எடுக்கிற இடம். காற்று முற்றியபோது ஏறி வந்தவர்கள் எல்லாரும் அதற்குள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றார்கள். இந்தக் கதையின் முக்கியமான முடிவு எடுக்கப்பட்டது அங்கேதான், அதனால் நிதானமாகப் பார்ப்போம். உச்சியில் நிற்கிற ஆளுக்கு மூன்று வழி. ஒன்று, வந்த வழியே திரும்புவது. ஹை கேம்ப் அங்கிருந்து ஐநூற்றுச் சொச்சம் மீட்டர் கீழே, சற்று முன் நடந்து வந்த தெரிந்த பாதை, சூடான லாட்ஜ். இரண்டு, முன்னால் இறங்குவது. முக்திநாத் ஏறக்குறைய 1,600 மீட்டர் கீழே, நடுவில் முதல் கூரை சாபர்பு என்கிற இடத்துச் சில லாட்ஜ்கள்தான், அதுவே ஆயிரத்துக்கும் மேற்பட்ட மீட்டர் இறக்கம். மூன்று, அந்த டீக்கடையிலேயே ராத்திரியைக் கழிப்பது.

தாளில் எழுதிப் பார்த்தால் குழந்தை கூட இரண்டாவதைத் தேர்ந்தெடுக்காது. ஆனால் உச்சியை அடைந்தவனுக்கு மனசு வேலை செய்கிற விதமே வேறு. ஏறவேண்டியது முடிந்துவிட்டது, இனி இறக்கம்தான், இறங்கினால் மூச்சு நன்றாக வரும், முக்திநாத்தில் குளிக்க வெந்நீர் இருக்கிறது. திரும்பிப் போனால் நாளைக்கு இதே ஐநூறு மீட்டரை மறுபடியும் ஏறணும், இன்னொரு நாள் செலவு, விமானம் போய்விடும். இதில் 5,400 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் பாதிதான் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அந்த மூளையால்தான் யோசிக்க வேண்டும். கடைக்காரரே கீழே போகிறேன், என் பின்னால் வாருங்கள் என்றதாகவும் அதை நம்பிப் பலர் இறங்கியதாகவும் தப்பியவர்களில் சிலர் சொன்னார்கள். உள்ளேயே தங்கியவர்கள், தூங்கினால் உடம்பு குளிர்ந்துவிடும் என்று ஒருவரையொருவர் உலுக்கி எழுப்பிக்கொண்டு, ஒட்டி உட்கார்ந்து ராத்திரியைத் தாண்டினார்கள். பிழைத்தார்கள். அவ்வளவு பேர் ஒரு கல் அறைக்குள் அடைந்தால் மனுஷச் சூடே அடுப்புதான்.

இறங்கியவர்களுக்கு நேர்ந்தது வேறு. முக்திநாத் பக்கம் இறக்கம் ஆரம்பத்தில் ஒரு பெரிய அகலமான சரிவு, ஓடையோ மதிலோ பாறையோ எதுவும் பாதையைக் காட்டாது, நட்டுவைத்த கம்புகளை நம்பித்தான் இறங்க வேண்டும். பனியில் கம்புகள் புதைந்தன. வானமும் தரையும் ஒரே வெள்ளை, காலடி வைக்கிற இடம் மேடா பள்ளமா தெரியாது. இடுப்பளவு பனியில் ஒரு மணி நேரத்தில் சில நூறு மீட்டர்தான் நகர முடியும், அதற்குள் வேர்வையிலும் பனியிலும் துணி நனைந்துவிடும். பட்ஜெட் பயணிகளில் பலர் காத்மாண்டு தாமேல் தெருவில் வாங்கிய, பிராண்டு பெயர் மட்டும் ஒட்டிய ஜாக்கெட்டில் இருந்தார்கள். போர்ட்டர்களில் சிலருக்கு அதுவும் இல்லை, கேன்வாஸ் ஷூவும் ஸ்வெட்டரும்தான். நனைந்த துணியில் காற்று அடித்தால் உடம்பின் உள்வெப்பம் 35 டிகிரிக்குக் கீழே போக அதிக நேரம் ஆகாது. முதலில் நடுக்கம், அப்புறம் பேச்சுக் குழறும், கை விரல் ஜிப்பைக் கூட இழுக்காது, அப்புறம் நடுக்கம் நின்றுவிடும். நடுக்கம் நின்றால் ஆளுக்குச் சரியாகிவிட்டது என்று கூட இருப்பவர் நினைப்பார். உண்மையில் அதுதான் அபாய மணி. கொஞ்சம் உட்கார்ந்துவிட்டு வருகிறேன் என்று உட்கார்ந்தவர்கள் எழவில்லை. சிலரைப் பனிச்சரிவு மூடியது.

மறுநாள் புதன்கிழமை வானம் வெளுத்து, பளிச்சென்று வெயில். ஹெலிகாப்டர்கள் பறக்க ஆரம்பித்தன, நேபாள ராணுவத்தினுடையதும் தனியாருடையதும். அடுத்த சில நாட்களில் ஐந்நூறுக்கும் மேற்பட்டவர்களை மீட்டார்கள். பல பேர் கடுங்குளிரில் உறைந்துபோன விரல்களை இழந்தார்கள். மீட்பு நடந்த விதத்தில் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஹெலிகாப்டர் செலவு பல ஆயிரம் டாலர், பணம் யார் கட்டுவார் என்று தெரிந்தால்தான் தனியார் கம்பெனி பறக்கும். இன்சூரன்ஸ் உள்ள வெளிநாட்டவருக்குத் தூதரகமும் கம்பெனியும் சேர்ந்து தேட ஆள் அனுப்பும். அதே சரிவில் கிடக்கிற போர்ட்டருக்குப் போன் போட்டு விசாரிக்க வீட்டில் ஆள் இருக்கும், பணம் இருக்காது. அவ்வருஷம் ஏப்ரல் 18ஆம் தேதிதான் எவரெஸ்டில் கும்பு பனிச்சரிவில் 16 நேபாளித் தொழிலாளர்கள் இறந்து, இழப்பீடு பற்றி நாடே கொந்தளித்திருந்தது. ஆறு மாதத்தில் மறுபடியும் அதே கேள்வி.

விபத்துக்குப் பிறகு வானிலை எச்சரிக்கை முறை கொண்டுவருவோம் என்று அரசாங்கம் சொன்னது, கைடு கட்டாயம் என்ற பேச்சும் கிளம்பியது. கைடு கட்டாயம் என்பது கடைசியில் 2023 ஏப்ரல் 1 முதல் அறிவிக்கப்பட்டது. தனியாக நடப்பவர்கள் உரிமம் பெற்ற கைடை ஏஜென்சி மூலம் அமர்த்த வேண்டும் என்று விதி. நடைமுறையில் அது பாதைக்குப் பாதை வேறுபடுகிறது, எவரெஸ்ட் பக்கத்து உள்ளூர் நகராட்சி நாங்கள் கட்டாயப்படுத்த மாட்டோம் என்றே சொல்லிவிட்டது. நல்ல கைடு இருந்தால் நல்லதுதான். பாதையோரக் குடும்பங்களுக்கு வருமானம், நமக்கு மொழி தெரிந்த ஆள், சிக்கலில் யாரைக் கூப்பிடுவது என்று தெரிந்தவர். ஆனால் சம்பளத்தை எவ்வளவுக்கெவ்வளவு குறைத்துப் பேசுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு “இன்றைக்குப் போக வேண்டாம்” என்று சொல்லத் துணிவில்லாத, சீசனுக்கு மட்டும் வேலைக்கு வந்த பையன்தான் நமக்குக் கிடைப்பான். உரிமச் சீட்டு அவனுக்கு அந்தத் துணிவைக் கொடுக்காது. வேலை போகாது என்ற உறுதிதான் கொடுக்கும், அதை ஏஜென்சியும் வாடிக்கையாளரும்தான் தர முடியும்.

பாதையும் மாறிவிட்டது. மனாங் வரை ஜீப் போகிறது, அதனால் முன்பு ஏறக்குறைய ஒரு வாரம் நடந்து ஏறிய உயரத்தை இரண்டு நாளில் தொடுகிறார்கள். செலவும் குறைகிறது, லீவும் மிச்சம். உடம்பு பழக வேண்டிய நாட்களும் சேர்ந்து குறைகிறது. மறுபடியும் அதே இடத்தில்தான் கை வைக்கிறார்கள், சும்மா இருக்கிற நாட்களில்.

அக்டோபர், நவம்பரில் அந்தப் பக்கம் போகிற நம் ஆட்களுக்கு ஒரு சின்ன அனுகூலம் உண்டு: வங்காள விரிகுடாவில் என்ன உருவாகிறது என்று நமக்கு வாட்ஸ்அப்பிலேயே வந்துவிடும். மனாங்கை விட்டு மேலே ஏறும் முன், விசாகப்பட்டினத்துக்கும் கொல்கத்தாவுக்கும் இடையில் ஏதாவது கரையேறப்போகிறதா என்று பார்த்துவிட்டு, இருந்தால் அது கரையைக் கடந்த பிறகும் மூன்று நான்கு நாள் மனாங்கிலேயே இருங்கள். அந்த நாட்களின் சாப்பாட்டுக் காசை ஊரிலேயே தனி உறையில் போட்டு எடுத்துப்போங்கள், டிக்கெட்டும் தேதி மாற்றக்கூடியதாக எடுங்கள், கொஞ்சம் கூடுதலானாலும் பரவாயில்லை. இன்சூரன்ஸ் எடுக்கும்போது எத்தனை மீட்டர் உயரம் வரை செல்லும் என்ற வரியைத் தேடிப் படியுங்கள். மலிவானவற்றில் பல 3,000, 4,000 மீட்டரோடு நின்றுவிடும், மனாங் தாண்டினால் அந்தத் தாளுக்கு மதிப்பில்லை. போர்ட்டர் வைத்தால் அவர் ஷூவையும் ஜாக்கெட்டையும் கிளம்பும் ஊரிலேயே ஒரு தடவை பார்த்துவிடுங்கள், இல்லையென்றால் அங்கேயே வாடகைக்கு எடுக்கலாம், பேசிசஹரில் கிடைக்கவில்லை என்றால் போக்ராவில் நிச்சயம் கிடைக்கும்.